வடிகால் இல்லாத ராஜா

என் அப்பாவுக்கு செஸ் சொல்லிக் கொடுத்தது என் மகன். குருவுக்கு 9 வயசு. சிஷ்யருக்கு 73. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற பாதையில் சுவாமிமலை இருக்கிறது. அங்கே பிள்ளை அப்பனுக்கு உபதேசம் பண்ணினார். எங்கள் வீட்டில் நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான். தாண்டப்பட்ட தலைமுறை, அடியேன்.

முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் கிராமம். 9 மா நிலம், அதாவது ஏறக்குறைய 3 ஏக்கர். அம்மா இருந்தவரைக்கும் அந்த 9 மாவைத் தவிர உலகத்தில் வேறு பூமி இருப்பதாகவே அவர் ஒப்புக்கொண்டதில்லை. அம்மா போனாள். அடுத்த வருஷமே ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் மடை பார்க்கப் போனவர் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே பிளேட் வைத்துத் தைத்த டாக்டர், "பெரியவரே, இனிமே சேறு, சகதி எல்லாம் டி.வி.யில பார்க்கறதோட சரி" என்று சொல்லிவிட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு வெற்றிலைச் செல்லம் சகிதம் தஞ்சாவூரில் என் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவருக்குப் பொழுது போக வேண்டுமே! காலையில் பேப்பர். அப்புறம் வாசல் திண்ணை. அப்புறம் மறுபடியும் அதே பேப்பர். நான் 9 மணிக்கு ஆபீஸ் போனால் 7 மணிக்குத் திரும்புகிறவன். என் மனைவி, "மாமா இன்னிக்கு கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர்கிட்ட அரை மணி நேரம் விவசாயம் பேசினாங்க. அந்த ஆள் ஓடியே போயிட்டார்" என்பாள். சிரிப்பாகத்தான் சொல்வாள். கேட்கிற எனக்கு என்னவோ பண்ணும்.

இந்தச் சமயத்தில்தான் செஸ் போர்டு உள்ளே வந்தது.

2022-ல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, ஞாபகம் இருக்கும். சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். 'தம்பி' என்று ஒரு குதிரை, வேட்டி சட்டை கட்டிக்கொண்டு ஊரெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றது. அந்தக் குதிரையைப் பார்த்துத்தான் என் மகன் மயங்கினான். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டான். இரண்டு வருஷம் கழித்து, ஆட ஆள் கிடைக்காத ஒரு சனிக்கிழமை மத்தியானம், போர்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான்.

அப்பாவுக்கு ஆடுபுலி ஆட்டம் தெரியும். தாயம் தெரியும். ஆகவே காய் நகர்த்துவதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். யானை நேராகப் போகும், மந்திரி குறுக்கே போவார், குதிரை தாவும் என்பதெல்லாம் அவருக்கு நியாயமாகவே பட்டது. ராணிதான் எல்லாப் பக்கமும் போகலாம் என்றபோது மட்டும் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரிதான்" என்றாராம்.

பையன் வேகமாக ஆடுவான். காய் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பான். அப்பாவோ ஒரு காய் நகர்த்த ஒரு வெற்றிலை போடுகிற நேரம் எடுத்துக்கொள்வார். பொறுமைக்குப் பலன் கிடைக்கத்தானே செய்யும்? மூன்று வாரத்தில் நிலைமை மாறியது. பையனுடைய காய்கள் ஒவ்வொன்றாகத் தாத்தாவின் வெற்றிலைச் செல்லத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்க ஆரம்பித்தன. குதிரை போச்சு, யானை போச்சு, ராணியும் போச்சு. கடைசியில் மொட்டை ராஜா ஒன்று மட்டும் மூலையில் நிற்கும்.

அங்கேதான் வினை.

"தாத்தா, ட்ரா!" என்று கைதட்டுவான் பையன்.

"என்னடா ட்ரா? உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்லை தாத்தா. நகர இடமும் இல்லை. அதான் ட்ரா. ஸ்டேல்மேட்!"

செஸ் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எதிராளியின் ராஜா தாக்கப்பட்டு, தப்பிக்க வழியும் இல்லை என்றால் அது செக்மேட். நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் ராஜாவை யாரும் தாக்கவில்லை, அதே சமயம் எந்தக் காயையும் விதிப்படி நகர்த்த முடியாது, நகர்த்த வேண்டிய முறையோ அவருடையது என்றால்? அதுதான் ஸ்டேல்மேட். ஆட்டம் சமம். உங்களிடம் ஒரு பட்டாளமே இருக்கலாம். பாயின்ட் ஆளுக்கு அரை.

அப்பா விவசாயி. வயலில் ஒரு கோரையை விட்டுவைத்தால் அடுத்த போகத்தில் ஒன்பது முளைக்கும் என்று கண்டவர். போர்டிலும் அதே கதைதான். எதிராளியின் கடைசிச் சிப்பாயைப் பிடுங்கி எறிகிற வரைக்கும் அவருக்குத் தூக்கம் வராது. களையெல்லாம் பறித்த பிறகு, தன் சிப்பாய்களை ஒவ்வொன்றாக எட்டாவது வரிசைக்கு ஓட்டி ராணியாக்குவார். செட்டில் இருப்பது ஒரே ராணி. இரண்டாவது ராணிக்குத் தலைகீழாகக் கவிழ்த்த யானை. மூன்றாவது ராணிக்கு, செல்லத்திலிருந்து ஒரு கொட்டைப்பாக்கு. ஒரு நாள் நான் ஆபீஸிலிருந்து வந்தபோது மூன்று பட்டமகிஷிகளோடு அப்பா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே மொட்டை ராஜா. கொட்டைப்பாக்கை எடுத்து ஒரு கட்டம் தள்ளினார்.

"ட்ரா!"

தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பையன் கணக்கு வைத்திருந்தான். பேரன் 12, தாத்தா 0, ட்ரா 11. அந்த 11-ஐ அவன் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தான். தேவையா இது?

அப்பா என்னைக் கூப்பிட்டு வழக்கை ஒப்படைத்தார். "ஏன்டா, நீ படிச்சவன்தானே? அடியெடுத்து வைக்க இடமில்லேன்னா அவன் தோத்தவனா, இல்லியா? எல்லாத்தையும் பிடுங்கிட்டேன். அப்புறம் எப்படிடா சமம்?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. புஸ்தகங்களைப் புரட்டினேன். பார்த்தால், அப்பாவுடைய கேள்வியை உலகம் பல நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது! அந்தக் கால அரபு நாட்டு ஆட்டத்தில் எதிராளியை இப்படி முடக்கினால், முடக்கியவருக்கு வெற்றி. சீனாக்காரர்களின் செஸ்ஸில் இன்றைக்கும் அப்படித்தான், நகர முடியாதவன் தோற்றான். இங்கிலாந்திலோ 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இதற்கு நேர்மாறு. எதிராளியை முடக்கினால் முடக்கியவனே தோற்றவன்! 1800-களின் தொடக்கத்தில்தான் லண்டனில் 'போனால் போகிறது, சமம்' என்று ஒரு ராஜிக்கு வந்தார்கள். அதுவே உலகத்துக்கும் விதி ஆகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்போ சைனாவுல ஆடியிருந்தா இந்நேரம் நான் 11 ஆட்டம் ஜெயிச்சிருப்பேன்" என்றார்.

"ஆமாப்பா."

"இங்கிலீஷ்காரன் ஊர்ல?"

"11 ஆட்டம் தோத்திருப்பீங்க."

"அதான் வெள்ளைக்காரனை அனுப்பினோம்" என்று எழுந்து போய்விட்டார்.

வேடிக்கை அதோடு நிற்கவில்லை. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் போர்டைக் கொண்டு போன பையனிடம், "நீ போய் டி.வி. பாருப்பா" என்று சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் என் மனைவியிடம் மெதுவாக, "தை அறுப்புக்கு ஊருக்குப் போறேம்மா. அங்கேயே இருந்துக்கலாம்னு பார்க்கறேன்" என்றிருக்கிறார்.

அவள் சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னபோது எனக்குத் திக்கென்றது. கிராமத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்? இருட்டில் வரப்பில் நடக்காமல் இருப்பாரா? இன்னொரு தடவை விழுந்தால் டாக்டர் தைக்க எலும்பு வேண்டுமே! ஒரு மரப்பலகைக்காகவா ஒரு மனுஷர் வீட்டை விட்டுப் போவார் என்று நீங்கள் கேட்கலாம். பலகைக்காக இல்லை சார். அந்த மனுஷர் ஆயுசு பூராவும் கை வைத்த காரியத்தை முடித்தே பழகியவர். இப்போது கைக்கு வந்த ஒரே காரியம் இது. அதையும் 9 வயசுப் பொடியன் சிரித்துக்கொண்டே பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

எங்கள் செக்‌ஷனில் புதிதாக வந்த தம்பி ஒருத்தன் இருந்தான். கல்லூரி டீமில் செஸ் ஆடியவன். டிபன் இடைவேளையில் விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பான் என்று பார்த்தால், சீரியஸாக ஒரு பழைய ஃபைல் அட்டையைத் திருப்பிப்போட்டுக் கட்டம் வரைய ஆரம்பித்துவிட்டான்.

"சார், ராணியை எதிரி ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்துல வெச்சுக்கிட்டே போனா, ராஜா தானா ஓரத்துக்கு ஒதுங்கிடும். செக் வெக்கவே வேணாம். ஆனா ராஜா மூலைக்கட்டத்துக்குப் போனவுடனே அந்த வித்தையை நிறுத்திடணும். மூலையில நிக்கற ராஜாவுக்குக் குதிரைத் தாவல் தூரத்துல ராணி வந்தா, சுத்தி இருக்கற 3 கட்டமும் அடைபட்டுப் போகும். செக்கும் கிடையாது. புதுசா ஆடறவங்க பாதிப் பேர் விழற குழி இதுதான்."

"அப்போ என்ன பண்றது?"

"ராஜா ஓரத்துக்கு வந்துட்டா, அடுத்த வரிசையில ராணியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திடுங்க. ராஜாவுக்கு ரெண்டு கட்டமாவது இருக்கணும். அது அங்கேயும் இங்கேயும் நடந்துக்கிட்டு இருக்கும். இருக்கட்டும். ராணியைத் தொடாதீங்க. உங்க ராஜாவை மெதுவா நடத்திக் கூட்டிட்டு வாங்க. ராஜா பக்கத்துல வந்தப்புறம் ராணி போய் முடிக்கும்."

இன்னொன்றும் சொன்னான். "மூணு ராணியெல்லாம் எதுக்கு சார்? ரெண்டு யானை போதும். ஒண்ணு ஒரு வரிசையை அடைச்சு நிக்கும், இன்னொண்ணு அடுத்த வரிசையில செக் வெக்கும். மாத்தி மாத்தி. எதிரி ராஜா யானைகிட்ட வந்து மிரட்டினா, அதே வரிசையில மறு கோடிக்கு ஓட்டிட வேண்டியதுதான். முக்கியமா, எதிரியோட கடைசிச் சிப்பாயை வெட்டக் கூடாது. அது நகர இடம் இருக்கறவரைக்கும் ஸ்டேல்மேட் ஆகவே ஆகாது. அதுக்காக அது ராணியாகற வரைக்கும் விட்டுடாதீங்க!"

பையன் கில்லாடி. டிபன் பாக்ஸ் மூடுவதற்குள் கதையும் சொன்னான். 1895-ல் கிளாஸ்கோ பத்திரிகையில் ஒரு செஸ் புதிர் வந்ததாம். ராணியாக்கினால் ஸ்டேல்மேட் ஆகிவிடுகிறது, ஆகவே சமம் என்று பத்திரிகையே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த ஊரில் இருந்த ஃபெர்னாண்டோ சாவேத்ரா என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார், 'ராணி வேண்டாம், யானையாக்கு, ஜெயம்' என்று ஒரே ஒரு வரி கண்டுபிடித்துச் சொன்னார். அந்த ஒரு நகர்த்தலுக்காகவே இன்றைக்கும் அவர் பெயர் நிற்கிறது.

1978-ல் பிலிப்பைன்ஸில் பாகியோ நகரத்தில் உலகச் சாம்பியன் போட்டி. கார்போவும் கோர்ச்னாயும் முகம் கொடுத்துப் பேசாத பகையாளிகள். ஐந்தாவது ஆட்டம் ஜவ்வாக இழுத்தது. ஜெயிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. "ட்ராவுக்குச் சம்மதமா" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்பாரா கோர்ச்னாய்? 124-வது நகர்த்தலில் வேண்டுமென்றே கார்போவை ஸ்டேல்மேட் பண்ணிவிட்டு எழுந்து போனார். பேசுவதற்குப் பதில் ஸ்டேல்மேட்! (எங்கள் ஆபீஸில் இதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பெயர்.) அந்தப் போட்டி மூட்டிவிட்ட செஸ் பைத்தியம் அடங்காத பிலிப்பைன்ஸுக்குத்தான் ரயில்வே வேலையில் இருந்த அப்பாவோடு ஒரு தமிழ்ப் பையன் போய்ச் சேர்ந்தான். 1969-ல் நம்ம மாயவரத்தில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். காவிரித் தண்ணீர், சும்மாவா?

அட்டையை மடித்துக் கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்று ஒரே கேள்வி. அட்டை தலைமாட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. பேரன் சொல்லிக் கொடுக்கலாம், மகன் சொல்லக் கூடாது. இந்த விதியை எந்த செஸ் சங்கமும் எழுதவில்லை. ஆனாலும் தமிழ்நாடு முழுக்க அமலில் இருக்கிறது.

2024 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு நாள் மழை விட்டிருந்தது. "பூவனூர் போய்ட்டு வரலாம், அப்படியே வயலையும் பார்க்கலாம்" என்று நான்தான் பேச்சைப் போட்டேன். எல்லாருமாகக் கிளம்பினோம். அம்மாப்பேட்டை தாண்டி, நீடாமங்கலம் போய், அங்கிருந்து மன்னார்குடிப் பக்கம் கொஞ்ச தூரம்.

பூவனூர் எங்களுக்குப் புதிசு இல்லை. சின்ன வயசில் எலி கடித்துவிட்டால் எங்களை இழுத்துக்கொண்டு ஓடுவது அந்தக் கோயிலுக்குத்தான். அங்கே சாமுண்டீஸ்வரி சந்நிதியில் விஷக்கடிக்கு வேர் கட்டுவார்கள். சுவாமியின் பேர் சதுரங்க வல்லபநாதர் என்பது தெரியும். ஆனால் யார் அதைப் பற்றி யோசித்தோம்? 2022 ஜூலை 28-ஆம் தேதி ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் அந்தக் கோயிலைச் சொன்னார். அதிலிருந்து எலிக்கடிக் கோயில், செஸ் கோயில் ஆகிவிட்டது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து போர்டு வைத்துக் கும்பிடுகிறார்கள்.

தல புராணக் கதை தெரியுமோ? வசுசேனன் என்றும் வாசுதேவன் என்றும் சொல்கிற ஒரு ராஜாவுக்கு அம்பாளே மகளாக வந்து வளர்ந்தாள். ராஜராஜேஸ்வரி என்று பேர். சதுரங்கத்தில் அவளை ஜெயிக்க ஆளே கிடையாது. ஜெயிக்கிறவனுக்கே பெண் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒருத்தனும் ஜெயிக்கவில்லை. கடைசியில் பூவனூரில் ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். ஆடினார். ஜெயித்தார். என் மகளைக் கிழவனுக்கா கொடுப்பது என்று ராஜா கலங்கியபோது, கிழவர் சிவபெருமானாகக் காட்சி கொடுத்தார். அப்பர் பாடிய தலம் அது.

கதையைக் கேட்டுக்கொண்டே பிராகாரம் சுற்றிய அப்பா, பேரன் தோளில் கையைப் போட்டார். "கேட்டியாடா? கிழவனா வந்துதான் ஜெயிச்சிருக்கார்."

"ஸ்டேல்மேட் ஆகாம எப்படித் தாத்தா ஜெயிச்சார்?"

நல்ல கேள்வி. புராணத்தில் நகர்த்தல் வரிசை கொடுக்கப்படவில்லை.

அங்கிருந்து வயலுக்குப் போனோம். சம்பா நட்டு ஒரு மாசப் பயிர். நான் கையைப் பிடித்துக்கொள்ள, அப்பா மெயின் வரப்பின் மேல் நின்று பார்த்தார். நாலு மாவில் பயிர் பச்சையாகக் காற்றில் அலைந்தது. தாழ்ந்திருந்த கீழண்டைப் பக்கத்தில் தண்ணீர் தேங்கி, பயிர் மூழ்கி, நுனி மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. குத்தகைக்காரர் வரப்பை உயர்த்திக் கட்டியபோது வடிகால் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டிருந்தார்.

அப்பாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது. "தண்ணி உள்ளே வர வழி வெச்சவன், வெளியே போக வழி வெக்க வேணாமா? எவ்வளவு உரம் போட்டு என்னடா பிரயோஜனம்? மூச்சு முட்டிச் செத்துப் போயிடுமே!" என்று கத்தினார். அந்த ஆள் மண்வெட்டியோடு ஓடி வந்து வாயைத் திறந்தார். தேங்கின தண்ணீர் சலசலவென்று இறங்கி ஓடுகிற வரைக்கும் அப்பா அங்கிருந்து நகரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. சாலியமங்கலம் தாண்டியதும் பேரனைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏன்டா தம்பி, ட்ரா ஆவறதுன்னா… அந்த ராஜாவுக்கு வடிகால் இல்லாமப் போவறது. அவ்வளவுதானே?"

பையன் கொஞ்சம் யோசித்தான். "ஆமா தாத்தா. ஆனா செக் வெச்சா வடிகால் இல்லாம இருக்கலாம். செக் வெக்காதப்போ கண்டிப்பா இருக்கணும்."

"அதை மொதல்லயே சொல்லக் கூடாதா? இங்கிலீஷ்ல என்னென்னமோ சொன்னே!"

அன்று ராத்திரி தலைமாட்டிலிருந்து ஃபைல் அட்டை வெளியே வந்தது. நான் கவனிக்காத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து அப்பாவின் ஆட்டமே வேறு. எதிராளியிடம் நாலு காய்க்குக் கீழே குறைந்ததும், ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னாலும் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு, "இவனுக்கு வடிகால் எங்கே?" என்று வாய்விட்டுக் கேட்பார். விரலால் எதிரி ராஜாவைச் சுற்றி எட்டுக் கட்டத்தையும் தொட்டுப் பார்ப்பார். இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் காய் கீழே இறங்கும். கொட்டைப்பாக்கு ராணிக்கு ராஜினாமா. ரெண்டு யானைதான். ஒன்று மாற்றி ஒன்று, வரிசை வரிசையாக.

"இது உழவுடா. சால் விட்டு சால் போடணும். ஒரு சாலை விட்டுட்டுத் தாவினா மாடு புகுந்துடும்" என்று பேரனுக்கு இவர் பாடம் எடுத்தார்.

களை பறிக்கும் புத்திதான் லேசில் போகவில்லை. பையனுடைய கடைசிச் சிப்பாய் பக்கம் கை தானாகப் போகும். பாதி வழியில் நின்று திரும்பும். வெல்லப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சர்க்கரை வியாதிக்காரர் மாதிரி தவிப்பார்.

டிசம்பர் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். 18 வயசுப் பையன். 14-வது ஆட்டம் சமமாகத்தான் முடியும் என்று உலகமே முடிவு கட்டியிருந்த கட்டத்தில் சீனாவின் டிங் லிரென் ஒரு யானையைத் தவறாக வைத்தார். அவ்வளவுதான். டி.வி.யில் குகேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காய்களை மறுபடி வரிசையாக அடுக்குவதைக் காட்டினார்கள். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "ட்ராவை ஜெயிச்சிருக்கான் பாரு. நாமதான் ஜெயிச்சதை ட்ரா பண்ணிக்கிட்டு இருந்தோம்" என்றார். அவராகவே அதைச் சொல்லிச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்த வார சனிக்கிழமை. பையனிடம் ராஜா, ஒரு யானை, முட்டுக்கட்டையாக நிற்கிற ஒரு சிப்பாய். அப்பாவிடம் இரண்டு யானையும் மூன்று சிப்பாய்களும். பையன் கெட்டிக்காரன். ராஜாவை மூலையில் ஒளித்துவிட்டு, யானையைக் கொண்டுபோய்த் தாத்தாவின் ராஜாவுக்கு ஒட்டினாற்போல நிறுத்தி "செக்" என்றான். வெட்டினால் ஓசியில் ஒரு யானை!

இது பெரிய மனுஷர்களே ஏமாந்த வித்தை. 1963-ல் அமெரிக்கச் சாம்பியன் போட்டியில், தோற்கிற நிலையில் இருந்த லாரி எவன்ஸ் முதலில் ராணியைத் தூக்கிக் கொடுத்தார், அப்புறம் யானையைக் கொண்டுபோய் நீட்டினார். எதிரே இருந்தவர், சின்ன வயசிலேயே உலகத்தை வியக்க வைத்த சாமுவேல் ரெஷெவ்ஸ்கி. வெட்டினால் ஸ்டேல்மேட். வெட்டாவிட்டால் ஓயாத செக். ஆட்டம் சமம்.

அப்பாவின் கை யானைப் பக்கம் போனது. நின்றது. "இதை வெட்டினா… இவனுக்கு வடிகால்?" எட்டுக் கட்டம் இல்லை, மூலை ஆகையால் மூன்று கட்டம்தான். தொட்டுப் பார்த்தார். மூன்றும் அடைப்பு. சிப்பாய்க்கும் வழியில்லை. கையை எடுத்துக்கொண்டார். ராஜாவை ஒரு கட்டம் நகர்த்தினார். யானை துரத்தியது. மறுபடி ஒரு கட்டம். மறுபடி செக். வாசலில் பால்காரர் மணி அடித்ததுகூட யார் காதிலும் விழவில்லை. அப்பாவின் ராஜா நொண்டி நொண்டி நடந்து, தன் சிப்பாய்க்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அதற்கு மேல் யானைக்குச் செக் இல்லை. பையன் வேறு ஏதோ நகர்த்தினான்.

அப்பா யானையைக் கடைசி வரிசைக்கு ஓட்டினார். "செக்" என்றார். பையன் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தாத்தாவைப் பார்த்தான். உதடு கோணியது. அழுதுவிட்டான்.

"டேய், டேய்… என்னடா இது?" அப்பா பதறிப்போய் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "உனக்கு வடிகால் வெச்சுத்தானேடா ஆடினேன்!"

காலண்டர் தாளில் 'தாத்தா' என்பதற்கு நேராக 1 என்று எழுதச் சொன்னபோது, அவன் பென்சிலால்தான் எழுதினான். சிவப்பு ஸ்கெட்ச் பேனா தீர்ந்துவிட்டதாம்.

தை பிறந்தது. அறுப்பு நெருங்கியது. அப்பா டிரங்குப் பெட்டியைத் துடைத்து எடுத்து வைத்தார். நானும் என் மனைவியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எத்தனை நாள் என்று கேட்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் பையன் போர்டைத் திண்ணையில் விரித்துவைத்து, தானே இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் போன் வந்தது. கீழண்டை மா தப்பித்துவிட்டது, கதிர் பரவாயில்லை என்றார். என்னிடம் அவ்வளவுதான். பேரனிடம் கொடு என்றார். அவர்கள் பேசியதில், "அந்தக் குதிரையை இன்னும் எடுக்கலையே நீ?" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

ஐந்தாம் நாள் மத்தியானம் வாசலில் ஆட்டோ சத்தம். அரை மூட்டை புது அரிசி, கொஞ்சம் வாழைக்காய், டிரங்குப் பெட்டி, அப்பா. மூட்டையை நான் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஸ்கூல் விட எத்தனை மணி ஆவும்?" என்றார்.

"நாலு மணிப்பா."

கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே" என்று சொல்லிவிட்டு, என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"நீ சும்மாத்தானே இருக்கே? உக்காரு. காய் அடுக்கத் தெரியுமில்ல?"